ஹாப்ஸும் இயற்கை உரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியலறிவியல் படிக்கும் மாணவர்களோடும், குடிமைப்பணித் தேர்வுக்கு அதையே விருப்பப் பாடமாக எடுத்தவர்களோடும் சில ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். தாமஸ் ஹாப்ஸின் பெயர் வந்ததும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் ஒரே வரிசையில் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் 1651-இல் வெளிவந்த 'லெவியதான்' நூலை, குறிப்பாக அதன் 13, 14, 15, 21 ஆகிய அதிகாரங்களை ஒட்டியவை. 'இறைமையாளர்' என்று நான் எழுதும் இடங்களில் முடியரசரை மட்டும் எண்ண வேண்டாம். நாட்டை ஆளும் இறுதி அதிகாரம் ஓர் அவையிடமும் இருக்கலாம் என்பதை ஹாப்ஸ் ஏற்கிறார். முடியாட்சியை அவர் விரும்பினார் என்பது வேறு செய்தி.

ஹாப்ஸ் யார்? எந்தச் சூழ்நிலையில் இதையெல்லாம் எழுதினார்?

ஆங்கில அரசியல் மெய்யியலாளர். 1588 ஏப்ரல் 5 அன்று, இங்கிலாந்தில் மாம்ஸ்பரி என்னும் ஊரை ஒட்டிய வெஸ்ட்போர்ட்டில் பிறந்தார். ஸ்பானியக் கப்பற்படை வருகிறது என்ற பேச்சு நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம் அது. தன் தாய் தன்னையும் அச்சத்தையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்றாள் என்று, முதுமையில் லத்தீன் செய்யுளாக எழுதிய தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். வாழ்நாளின் பெரும்பகுதி கேவண்டிஷ் பிரபுக் குடும்பத்தின் ஆதரவில் கழிந்தது. 1679-இல், 91 வயதில் இறந்தார்.

அரசர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மோதல் முற்றிய 1640-இல் அவர் பாரிஸுக்குத் தப்பிப் போனார். 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 ஜனவரி 30 அன்று அரசரின் தலை துண்டிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து 'லெவியதான்' லண்டனில் அச்சேறியது. அந்தப் பெயர் யோபு ஆகமத்தின் 41-ஆம் அதிகாரத்தில் வரும் கடல்விலங்கின் பெயர். தமிழ் விவிலியத்தில் 'லிவியாதான்' என்று இருக்கும். நூலின் முகப்புப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மலைகளுக்குப் பின்னாலிருந்து எழும் முடிசூடிய பேருருவம் ஒரு கையில் வாளும் மறு கையில் ஆயர்கோலும் ஏந்தி நிற்கும். உற்றுப் பார்த்தால் அதன் உடலும் கைகளும் நூற்றுக்கணக்கான சிறு மனிதர்களால் ஆனவை என்பது தெரியும். அத்தனை பேரும் நமக்கு முதுகைக் காட்டியபடி தலையை நோக்கி நிற்கிறார்கள். பின்வரும் கேள்விகளில் பாதி, அந்த முதுகுகளுக்குச் சொந்தக்காரர்களிடம் இன்னும் என்ன உரிமை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பற்றியவைதான்.

'இயற்கை உரிமை' என்று அவர் எதைச் சொல்கிறார்? எளிமையாகச் சொல்லுங்கள்.

14-ஆம் அதிகாரத்தின் முதல் பத்தியிலேயே வரையறை இருக்கிறது. ஒவ்வொரு மனிதனும் தன் உயிரைக் காத்துக்கொள்வதற்காகத் தன் ஆற்றலைத் தான் விரும்பியபடி பயன்படுத்தும் சுதந்திரமே இயற்கை உரிமை. அதற்கு எது ஏற்ற வழி என்று அவனுடைய சொந்தப் பகுத்தறிவும் சொந்தத் தீர்ப்பும் சொல்கின்றனவோ, அதைச் செய்யும் சுதந்திரமும் அதில் அடங்கும்.

படிப்பவர்கள் 'உயிரைக் காத்தல்' என்ற பகுதியை அடிக்கோடிடுகிறார்கள். 'சொந்தத் தீர்ப்பு' என்பதைத் தவறவிடுகிறார்கள். இரண்டாவதுதான் வெடிமருந்து. எனக்கு எது ஆபத்து, அதைத் தடுக்க எது தேவை என்று நானே தீர்மானிக்கலாம் என்றால், என் உரிமைக்கு வெளியே எதுவுமே இல்லை. ஆகவேதான் அரசு இல்லாத நிலையில் ('இயற்கை நிலை' என்பது இதுதான்) எல்லோருக்கும் எல்லாவற்றின் மீதும், ஒருவர் மற்றவரின் உடல் மீதும்கூட, உரிமை உண்டு என்ற முடிவுக்கு அவர் வருகிறார்.

எல்லாருக்கும் எல்லாவற்றிலும் உரிமை என்றால் அது எப்படி உரிமையாகும்? உரிமை என்றால் அதை யாராவது மதிக்க வேண்டாமா?

இந்தத் தொகுப்பிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். தமிழில் 'உரிமை' என்று சொன்னதும் எதிரில் கடமைப்பட்ட ஒருவர் வந்து நின்றுவிடுகிறார். பங்காளிக்கு நிலத்தில் உரிமை உண்டு என்றால் மற்றப் பங்காளிகள் அவருடைய பாகத்தைக் கொடுத்தாக வேண்டும். தாய்மாமனுக்கு உரிமை உண்டு என்றால் அவரை அழைக்காமல் சடங்கை நடத்தக் கூடாது. ஹாப்ஸின் இயற்கை உரிமைக்கு எதிரில் அப்படி ஒருவரும் இல்லை.

வெள்ளம் சூழ்ந்த ஒரு மேட்டில் இருவர் நிற்கிறார்கள், ஒருவரை மட்டுமே தாங்கும் ஒரு பரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸின் கணக்கில் இருவருக்கும் அந்தப் பரிசலின் மீது உரிமை உண்டு. முதலாமவர் அதில் ஏறினால் இரண்டாமவருக்கு அநீதி இழைத்தவர் ஆகமாட்டார். இரண்டாமவர் அவரை இழுத்துத் தள்ளினாலும் அப்படியே. விலகி நிற்கும் கடமை இருவருக்கும் இல்லை. இங்கே உரிமை என்பதன் பொருள் 'செய்தால் குற்றமில்லை' என்பது மட்டுமே; 'பிறர் தடுக்கக் கூடாது' என்பது அதில் கிடையாது.

அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்ட் 1913-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்: எதிரில் கடமையை உண்டாக்கும் உரிமை ஒன்று, கடமையிலிருந்து விடுபட்டிருத்தல் என்ற அளவிலான உரிமை மற்றொன்று. ஹாப்ஸுடையது இரண்டாம் வகை. அவர் மக்களுக்கு இயற்கை உரிமையை மறுத்தார் என்று பலர் எழுதுவது தவறு. அவர் வாரி வழங்கினார். அளவின்றி வழங்கியதால் அது ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

இயற்கை உரிமையும் இயற்கை விதியும் ஒன்றுதானே? புத்தகங்களில் மாற்றி மாற்றி எழுதுகிறார்களே?

ஒன்றல்ல. லத்தீனில் உரிமை 'யூஸ்', விதி 'லெக்ஸ்'. இவற்றைக் குழப்புகிறவர்களைப் பற்றி ஹாப்ஸே 14-ஆம் அதிகாரத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார். உரிமை என்பது செய்யவோ செய்யாமலிருக்கவோ உள்ள சுதந்திரம். விதி என்பது அவற்றில் ஒன்றோடு நம்மைக் கட்டிப்போடுவது. ஒரே செயலில் இரண்டும் சேர்ந்திருக்க முடியாது.

இயற்கை விதி என்றதும் நியூட்டனின் விதிகளை நினைக்க வேண்டாம். உயிரை அழிக்கக்கூடியதைச் செய்யாதே என்று பகுத்தறிவு கண்டறியும் பொது நெறியைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். அமைதி கிட்டும் என்ற நம்பிக்கை உள்ளவரை அமைதியை நாடு என்பது முதலாவது விதி. மற்றவர்களும் இசைந்தால், எல்லாவற்றின் மீதும் உள்ள உன் உரிமையைக் கைவிடு என்பது இரண்டாவது. செய்த உடன்படிக்கையைக் காப்பாற்று என்பது மூன்றாவது; நீதி, அநீதி என்ற சொற்களுக்குப் பொருள் பிறப்பதே இங்கேதான். 14, 15 ஆகிய இரண்டு அதிகாரங்களிலும் சேர்த்து 19 விதிகள் வருகின்றன. உனக்குப் பிறர் செய்யக் கூடாது என்று நினைப்பதை நீ பிறருக்குச் செய்யாதே என்பதில் அவை அனைத்தும் அடங்கும் என்கிறார். ஆனால் இவை உண்மையில் தேற்றங்களே. கடவுளின் கட்டளையாகக் கொண்டால் மட்டுமே முறைப்படி சட்டம் எனத் தகும் என்று 15-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரியை வைத்து ஆய்வாளர்கள் ஏ. ஈ. டெய்லர் 1938-இலும் வாரண்டர் 1957-இலும் ஹாப்ஸுக்கு உண்மையான அறக்கடமைக் கோட்பாடு உண்டு என்று வாதிட்டனர். விவாதம் இன்றும் ஓயவில்லை.

இயற்கை நிலை என்று ஒன்று வரலாற்றில் உண்மையிலேயே இருந்ததா, வெறும் கற்பனையா?

உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அப்படி இருந்ததில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அமெரிக்கப் பழங்குடிகளை எடுத்துக்காட்டாகச் சொல்வது அவருடைய காலத்தின் அறியாமை; அதை நாம் காக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டு எடுத்துக்காட்டுகள் வலுவானவை. ஒன்று, உள்நாட்டுப் போரில் அரசு கவிழ்ந்த நாட்டின் வாழ்க்கை. மற்றது, எல்லையில் கோட்டையும் பீரங்கியும் ஒற்றரும் வைத்து, வாட்போர் வீரர்களைப் போல ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும் அரசர்கள்.

இதையெல்லாம் நம்பாதவருக்கு அவர் தரும் விடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பயணம் போகும்போது ஆயுதமும் துணையும் தேடுகிறாய். தூங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறாய். வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய். சட்டமும் காவலரும் இருக்கும்போதே இப்படி என்றால், உன் ஊராரைப் பற்றியும் பிள்ளைகளையும் வேலையாட்களையும் பற்றியும் உன் மனத்தில் என்ன எண்ணம் இருக்கிறது என்று கேட்கிறார். பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்விக்கு எளிதில் பதில் வராது.

அப்படியானால் மனிதன் இயல்பிலேயே கெட்டவன் என்பதுதானே அவர் கருத்து?

இல்லை. ஆசைகளும் உணர்ச்சிகளும் தம்மளவில் பாவமல்ல என்று அதே 13-ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாக எழுதுகிறார். சண்டைக்கு அவர் சொல்லும் காரணங்கள் மூன்று: போட்டி, ஐயம், புகழாசை. இவற்றில் நடுவில் இருப்பதே ஆபத்தானது. உள்ளது போதும் என்றிருக்கும் நல்லவரும், அடுத்தவர் அப்படியிருப்பார் என்று உறுதியாகத் தெரியாததால் முந்திக்கொண்டு தாக்க வேண்டிவருகிறது. 'சொந்தத் தீர்ப்பு' அவருடைய உரிமைக்குள் இருப்பதால் அந்த முந்திய தாக்குதலும் உரிமைக்குள்தான் வருகிறது. மிகவும் வலுவற்றவரும் மிகவும் வலியவரைத் தூக்கத்திலோ கூட்டுச் சேர்ந்தோ கொன்றுவிடலாம் என்பதால் யாருக்கும் உறுதியான பாதுகாப்பு இல்லை. மனிதர்கள் சமம் என்று ஹாப்ஸ் சொல்வது இந்தப் பொருளில்தான். அதில் இனிமை எதுவும் இல்லை.

அரசு உருவாகும்போது எல்லா உரிமைகளையும் அரசரிடம் ஒப்படைத்துவிடுகிறோம், அப்படித்தானே?

பாடநூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் 'ஒப்படைத்தல்' என்பது சரியான சொல் அல்ல. உரிமையைக் கைவிடுதல் என்பது ஹாப்ஸிடம் வழிவிட்டு விலகி நிற்பதே. நான் விலகுவதால் இன்னொருவருக்குப் புதிய உரிமை எதுவும் பிறப்பதில்லை; எல்லாவற்றின் மீதும் அவருக்கு ஏற்கெனவே உரிமை இருந்தது. நான் இடையூறாக இருந்தேன், இனி இருக்கமாட்டேன், அவ்வளவுதான். உடன்படிக்கையும் மக்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது. இறைமையாளர் அதில் ஒரு தரப்பே அல்லர். ஆகவே அதை அவர் மீறிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

இதோடு 16, 17-ஆம் அதிகாரங்களில் வேறொரு பேச்சும் கலக்கிறது. இறைமையாளர் செய்வதையெல்லாம் என் சொந்தச் செயலாக ஏற்கிறேன் என்று ஒவ்வொருவரும் அவருக்கு அதிகாரம் அளிக்கிறார்கள் என்பது அது. விலகி நிற்பதும் அதிகாரம் அளிப்பதும் ஒன்றல்ல. பின்னால் வரும் சிக்கல்கள் சில இந்த இரண்டு பேச்சுகளும் ஒட்டாமல் நிற்பதால் வருபவை என்பது என் எண்ணம்.

கழுத்தில் கத்தியை வைத்து வாங்கிய வாக்குறுதி செல்லுமா? ஹாப்ஸ் செல்லும் என்கிறாராமே!

ஆம், செல்லும் என்கிறார். இயற்கை நிலையில் உயிருக்காகக் கொள்ளையனிடம் பணம் தருவதாக வாக்களித்தால் அது கட்டுப்படுத்தும். அச்சம் உடன்படிக்கையைக் கெடுக்காது. கெடுக்கும் என்று சொன்னால் அரசை உருவாக்கிய உடன்படிக்கையே செல்லாது, ஏனென்றால் அதையும் அச்சத்தில்தான் செய்தோம். வென்றவருக்குத் தோற்றவர் பணிந்து உண்டாகும் அரசும், மக்கள் கூடி நிறுவிய அரசும் அவருக்கு ஒரே தகுதி உடையவை. முதலாவதில் வென்றவரைக் கண்டு அஞ்சுகிறார்கள். இரண்டாவதில் ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சுகிறார்கள்.

அரசு வந்த பிறகு, இத்தகைய வாக்குறுதி செல்லாது என்று சட்டம் விதித்துவிட்டால் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வற்புறுத்தி வாங்கப்பட்ட ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தள்ளிவிடலாம் என்கிறது. இதைக் காட்டி ஹாப்ஸை மடக்கிவிட்டதாகச் சிலர் நினைப்பதுண்டு. சட்டத்துக்கு அந்த அதிகாரத்தை அவரே கொடுத்திருக்கிறார்.

அப்போது விட்டுக்கொடுக்கவே முடியாத உரிமை என்று எதுவும் மிஞ்சுகிறதா?

மிஞ்சுகிறது. யாரும் தமக்கு ஒரு நன்மையைக் கருதியே உரிமையைக் கைவிடுகிறார்கள். உயிரைக் காத்துக்கொள்ளவே இந்த ஏற்பாடு என்னும்போது, உயிரைப் பறிக்க வருகிறவரை எதிர்க்கமாட்டேன் என்று ஒருவர் வாயால் சொன்னாலும் அவர் கருதியது அதுவாக இருக்க முடியாது. எனவே, வன்முறையை வன்முறையால் தடுக்கமாட்டேன் என்ற உடன்படிக்கை எப்போதும் செல்லாது. அச்சத்தில் செய்த உடன்படிக்கை செல்லும் என்று முந்தைய விடையில் சொன்னவரே இதையும் சொல்கிறார். அங்கே வாக்குறுதி உயிரைக் காக்கிறது. இங்கே உயிரையே கொடுத்துவிடுகிறது.

21-ஆம் அதிகாரத்தில் இதற்குப் பட்டியலே இருக்கிறது. நியாயமாகத் தண்டிக்கப்பட்டவராகவே இருந்தாலும், உன்னையே கொன்றுகொள், காயப்படுத்திக்கொள் என்று இறைமையாளர் கட்டளையிட்டால் கீழ்ப்படிய வேண்டியதில்லை. உணவை, காற்றை, மருந்தை விலக்கு என்றாலும் அப்படியே. மன்னிப்புக்கு உறுதி இல்லாமல் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கெதிராகவே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்னும் நம் அரசமைப்புச் சட்டத்தின் 20(3) கூறு இங்கே நினைவுக்கு வரலாம், ஆனால் அதன் பிறப்பு வேறு. போருக்குப் போகச் சொன்னால் தகுந்த மாற்று ஆளை அனுப்பிவிட்டு விலகலாம். இயல்பிலேயே அச்சமுள்ளவர் களத்திலிருந்து ஓடினால் அது மானக்கேடு, அநீதி அன்று. படையில் கூலி வாங்கிச் சேர்ந்தவருக்கும், நாடே அழியும் நிலையில் இருக்கும்போதும் இந்தச் சலுகை கிடையாது.

மரண தண்டனைக் கைதிக்கு எதிர்க்க உரிமை இருக்கிறது, அரசருக்குத் தண்டிக்க உரிமை இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்?

பரிசல் எடுத்துக்காட்டை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸின் உரிமைகள் ஒன்றோடொன்று மோதுவதில் தருக்கச் சிக்கல் எதுவும் இல்லை. கழுமேடையில் நிற்பவருக்கும் அவரைத் தூக்கிலிடும் அரசுக்கும் இடையே, அந்த ஒரு கணத்துக்கு, இயற்கை நிலை திரும்பிவிடுகிறது.

தண்டிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதை அவர் 28-ஆம் அதிகாரத்தில் எடுத்துக்கொள்கிறார். குடிமக்கள் அதைக் கொடுக்கவில்லை. தம்மீது வன்முறை செய்யும் உரிமையை யாரும் பிறருக்குக் கொடுக்க முடியாது. அவர்கள் தம் உரிமையைக் கைவிட்டார்கள். இறைமையாளரோ தம்முடைய பழைய இயற்கை உரிமையைக் கைவிடவே இல்லை. அதாவது சட்டப்படியான தண்டனை என்று நாம் மரியாதையாகச் சொல்வதன் அடியில் இருப்பது இயற்கை நிலையின் வன்முறையே. நேர்மையான விடை. ஆனால் இறைமையாளர் செய்வதெல்லாம் என் செயல் என்று முன்பு சொன்ன அதிகாரமளிப்புப் பேச்சு இங்கே எங்கே போயிற்று என்று கேட்டால் ஹாப்ஸ் தடுமாறத்தான் வேண்டும்.

அரசர் அநீதியே செய்ய முடியாது என்கிறாரே, அதை எப்படி ஏற்பது?

அநீதி என்றால் உடன்படிக்கையை மீறுவது என்ற வரையறையை வைத்துக்கொண்டால் முடிவு தானாக வந்துவிடும். செய்யாத உடன்படிக்கையை யாரும் மீற முடியாது. இறைமையாளர் அறக்கேடு செய்யக்கூடும், அநீதி செய்ய முடியாது என்பது அவர் போடும் பிரிவு. எடுத்துக்காட்டு தாவீது அரசன். உரியாவின் மனைவியை விரும்பிய தாவீது, உரியாவைப் போரின் முன்னணியில் நிறுத்திச் சாகவிடும்படி படைத்தலைவனுக்கு எழுதினான். அது உரியாவுக்கு இழைத்த அநீதி அன்று, கடவுளுக்கு இழைத்தது என்கிறார் ஹாப்ஸ்.

விவிலியக் கதையில் அந்தக் கடிதத்தைச் சுமந்து போனவன் உரியாவேதான். வழியில் அவன் அதைப் பிரித்துப் படித்திருந்தால் என்ன செய்யலாம்? ஹாப்ஸ் இதைக் கேட்கவில்லை. முந்தைய இரண்டு விடைகளின்படி, அவன் கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு ஓடலாம். துரத்தி வருபவர்களோடு வாளெடுத்துப் போரிடவும் செய்யலாம். அதில் அநீதி எதுவும் இல்லை. தாவீது அவனைப் பிடித்துக் கொன்றால் அதிலும் உரியாவுக்கு அநீதி இல்லை. ஹாப்ஸின் கோட்பாடு முழுவதும் அந்தக் கடிதத்தின் இரண்டு பக்கங்களில் இருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு.

உயிருக்காக எதிர்க்கலாம் என்றால் பலர் சேர்ந்து எதிர்ப்பதும் சரிதானே? அது புரட்சி உரிமைதானே?

இல்லை, ஆனால் எல்லைக்கோடு மிக மெல்லியது. இன்னொருவருக்காக அரசை எதிர்க்கும் உரிமை, அவர் குற்றவாளியானாலும் குற்றமற்றவரானாலும், யாருக்கும் இல்லை. அதே நேரத்தில், மரண தண்டனைக்குரிய குற்றத்தை ஏற்கெனவே செய்துவிட்ட பலர் தத்தம் உயிரைக் காக்க ஒன்றுசேர்ந்து ஆயுதம் ஏந்தினால் அது புதிய குற்றமாகாது என்கிறார். மன்னிப்பு அறிவிக்கப்பட்டதும் அந்த நியாயம் போய்விடும். ஆட்சியை மாற்றவோ கொள்கைக்காகவோ எழ இடமில்லை.

ஆனால் இன்னொரு வாசல் இருக்கிறது. இறைமையாளர் காக்கும் ஆற்றல் உள்ளவராக இருக்கும்வரைதான் குடிமக்களுக்குக் கீழ்ப்படியும் கடமை. 1651-இல் இதை எழுதுவது எளிதல்ல. தோற்றுப்போன அரச குடும்பத்தின் ஆதரவாளர்கள் இதைப் படித்தபோது, அரசரைக் கொன்ற கொலைகாரக் குடியரசுக்குப் பணிந்து போகச் சொல்கிறார் என்று கொதித்தார்கள். பாரிஸில் தாமே கணிதம் கற்பித்த இளவரசர் இரண்டாம் சார்லஸின் அவைக்குள் ஹாப்ஸ் நுழையத் தடை வந்தது. அவர் இங்கிலாந்துக்கே திரும்பினார். ஆயர் ஜான் பிராம்ஹால் இன்னும் ஒருபடி மேலே போய், 1658-இல், இந்த நூலுக்குக் 'கலகக்காரரின் ஞானோபதேசம்' என்று பெயர் மாற்றினால் என்ன என்று கேட்டார். சர்வாதிகாரத்தின் வழக்கறிஞர் என்று நாம் சொல்பவரை அவருடைய காலத்து அரசவாதிகள் அப்படிப் பார்க்கவில்லை.

மாட்டிக்கொள்ளமாட்டேன் என்று தெரிந்தால் உடன்படிக்கையை ஏன் மதிக்க வேண்டும்?

15-ஆம் அதிகாரத்தில் இதை ஒரு 'மதிகேடன்' கேட்கிறான். தேவன் இல்லை என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளும் சங்கீதத்து மதிகேடனைப் போல, இவன் நீதி இல்லை என்கிறான். ஹாப்ஸின் பதில்: வாக்கை மீறுகிறவனை எந்தக் கூட்டமும் தெரிந்தே சேர்த்துக்கொள்ளாது, பிறரின் அறியாமையை நம்பி வாழ்வது அறிவுடைமை ஆகாது. பெரிய துரோகங்களுக்கு இது பொருந்துகிறது. ஒருபோதும் வெளிவராத சிறு ஏமாற்றுக்கு இது போதுமான விடை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜான் லாக்கும் இயற்கை உரிமைதானே பேசினார்? வேறுபாடு எங்கே?

மேலே பரிசல் கேள்வியில் பார்த்த கடமைதான் வேறுபாடு. 1689-இன் இறுதியில் வெளிவந்த ஆங்கில மெய்யியலாளர் லாக்கின் ஆட்சி பற்றிய ஆய்வுரைகளில், இயற்கை நிலையிலேயே ஒரு விதி ஆள்கிறது. பிறரின் உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றுக்குக் கேடு செய்யக் கூடாது என்ற கடமை எல்லோருக்கும் உண்டு. உழைப்பைக் கலப்பதால் உடைமையும் அரசுக்கு முன்பே பிறந்துவிடுகிறது. ஹாப்ஸிடம் அரசு வரும்வரை என்னுடையது, உன்னுடையது என்ற பேச்சே இல்லை. கையில் பிடித்திருக்கும்வரை அது உன்னுடையது. ஆகவே லாக்கின் மக்கள் வரிக்கெதிராகவும் உரிமை பேசலாம். ஹாப்ஸின் மக்களால் முடியாது.

அவருடைய புத்தகங்களை ஏன் எரித்தார்கள்? நாத்திகர் என்பதாலா?

அந்தக் குற்றச்சாட்டு இருந்தது. பெருந்தொற்றும் லண்டன் பெருந்தீயும் அடுத்தடுத்து வந்த பிறகு, 1666-இல் நாடாளுமன்றக் கீழவை நாத்திகத்துக்கு எதிரான மசோதா ஒன்றை எடுத்தபோது 'லெவியதான்' பெயரும் அடிபட்டது, மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அவர் இறந்தபின் 1683 ஜூலையில் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் கண்டனத் தீர்மானம் போட்டு நூல்களை எரித்தபோது, கண்டிக்கப்பட்ட கருத்துகளில் ஒன்று நேராக நம் பொருளைத் தொடுவது: தற்காப்பே இயற்கையின் அடிப்படை விதி, அது மற்ற எல்லாக் கடமைகளையும் விஞ்சும் என்பது. அரசரைக் கொல்லும் சதி ஒன்று அம்பலமான சில வாரங்களில் வந்த தீர்மானம் அது. விட்டுக்கொடுக்க முடியாத அந்தச் சிறு மிச்சத்தை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டிருந்தார்கள்.

இன்றைய மனித உரிமைகளுக்கு ஹாப்ஸை மூதாதை எனலாமா?

இருபதாம் நூற்றாண்டு அரசியல் சிந்தனையாளர் லியோ ஸ்ட்ராஸ் அப்படித்தான் வாதிட்டார். பழைய சிந்தனையில் கடமை முதலில், உரிமை பிறகு. ஹாப்ஸ் தனிமனிதனின் உரிமையை முதலில் வைத்து அதிலிருந்து அரசைப் பிறப்பிப்பதால் தாராளவாதத்தின் தொடக்கம் அவரே என்பது ஸ்ட்ராஸின் கருத்து. தொடக்கப் புள்ளி பற்றி அவர் சொல்வதை ஏற்கலாம். ஆனால் 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் பேசுவது அரசுகள் மீது கடமையைச் சுமத்தும் உரிமைகளை. ஹாப்ஸிடம் அவை இல்லை. பாட்டனாரின் வீட்டில் பிறந்தார்கள், சொத்து வேறிடத்திலிருந்து வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உயிருக்கு ஆபத்து என்று யார் தீர்மானிப்பது? அதைக் குடிமகனிடம் விட்டால் எல்லாம் குலையாதா?

இதற்கு ஹாப்ஸிடம் முழு விடை இல்லை. எது நல்லது, எது கெட்டது, எது பொது ஆபத்து என்ற தீர்ப்பையெல்லாம் இறைமையாளரிடம் கொடுத்துவிட்டு, கழுத்துக்கு வந்த ஆபத்தைப் பற்றிய தீர்ப்பை மட்டும் என்னிடம் விடுகிறார். கத்தி தெரியும்போது தகராறு இல்லை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. காயம், விலங்கு, சிறை ஆகியவற்றை எதிர்க்கும் உரிமையையும் கைவிட முடியாது என்று 14-ஆம் அதிகாரத்தில் சேர்க்கிறார். உணவுக்கு வேறு வழியே இல்லாமல் பஞ்சத்தில் திருடியவரோ பறித்தவரோ முழுமையாக மன்னிக்கத்தக்கவர் என்று 27-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். பசியை அளப்பவர் யார்? பசித்தவர்தான்.

இன்னும் சிக்கலான இடம் 15-ஆம் அதிகாரத்தின் பத்தாம் விதி. அமைதிக்காகச் சில உரிமைகளைக் கைவிடுவது போலச் சிலவற்றை வைத்துக்கொள்வதும் தேவை என்று தொடங்கி, தன் உடலைத் தானே ஆளுதல், காற்று, நீர், நடமாட்டம், ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போக வழி என்று எண்ணிக்கொண்டே வந்து, எவை இல்லாமல் ஒருவர் வாழ முடியாதோ அவை அனைத்தும் என்கிறார். அங்கே முற்றுப்புள்ளி வைத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். 'அல்லது நன்றாக வாழ முடியாதோ' என்றும் ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிட்டு, அதை விளக்காமல் பதினோராம் விதிக்குப் போய்விடுகிறார்.